கட்டத்துக்குள் அடங்காத தெரு

அலுவலகத்தில் அவளுக்கு ‘அடம்’ என்று பேர். முதுகுக்குப் பின்னால் வைத்த பேர்தான். அவளுக்கும் தெரியும், உள்ளூர ரசிக்கவும் செய்தாள்.

அன்று காலையிலிருந்து, எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் அவளோடு மல்லுக்கு நின்றது. ஆற்றில் வெள்ளம் வந்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணக்குப் போடும் பழைய நிரல் அது. ஊரைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்கு ஓர் உயரம் கொடுத்திருந்தாள். கம்பைலரோ, அந்த உயரங்களின் இவ்வளவு பெரிய அட்டவணைக்கு இடமில்லை என்று கையை விரித்துவிட்டது.

"மெமரி பத்தலம்மா. கட்டத்தைப் பெருசாக்கு, எப்பவும் செய்யறதுதானே?" என்றார் மேலாளர்.

எப்பவும் செய்வதுதான். பெரிய கட்டம் போட்டால் கரையின் மேடும் அதன் கீழே இருக்கும் பள்ளமும் ஒரே கட்டத்தில் விழும். சராசரி எடுத்தால் பள்ளம் காணாமல் போகும். அந்தப் பள்ளத்தில்தான் அக்கா குடியிருந்தாள், படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமாவோடு. நிரல் வரையும் வரைபடத்தில் வெள்ளத்தின் நீலம் விழாத தெருவில் எச்சரிக்கை மணி அடிக்க மாட்டார்கள். சாயங்காலம் அணையைத் திறக்கிறார்கள். அதற்குள் வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்கு வரைபடம் போயாக வேண்டும்.

"மெஷின்ல மெமரி கொட்டிக் கிடக்கு சார். அட்டவணையோட அளவை இந்த ஃபைலுக்குள்ளயே எழுதி வெச்சிருக்காங்க. அப்படி எழுதினா இந்த கம்பைலர் ரெண்டு ஜிபிக்கு மேல தராது. ஓடும்போது கேட்டு வாங்கற மாதிரி மாத்தினா தரும்."

"அந்த ஃபைல்ல யாரும் கை வைக்கக் கூடாது. இதுவரைக்கும் வெச்சதில்ல."

ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சாப்பிடப் போனதும் கை வைத்தாள்.

கம்பைலர் வாயை மூடிக்கொண்டது. நிரல் ஓடியது, பாதியில் விழுந்தது. கட்டங்களை எண்ணும் எண், தனக்குக் கொடுத்த இடம் போதாமல் மைனஸுக்குப் போயிருந்தது. ‘நீ வேறயா!’ என்று திட்டிக்கொண்டே அதற்கு இரண்டு மடங்கு இடம் ஒதுக்கினாள். பழைய பெரிய கட்டங்களைக் கொடுத்துச் சோதித்தாள். கடைசி இலக்கம் வரை பழைய விடையே வந்தது. பிறகு சின்னக் கட்டங்களை ஓடவிட்டாள். அக்காவின் தெரு முழுக்க நீலம்.

மேலாளர் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். "யாரைக் கேட்டு மாத்தின?"

"யாரையும் கேக்கல."

"பழைய மாதிரியே போட்டு அனுப்பு. நாளைக்கு ஏதாவது தப்பாச்சுன்னா என் தலைதான் உருளும்."

அவள் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "அப்போ நீங்களே அனுப்புங்க. இந்தத் தெருவுக்குத் தண்ணி வராதுன்னு உங்க பேரைப் போட்டு அனுப்புங்க."

அவர் உட்காரவில்லை.

"நகருங்க, சார்" என்று சொல்லி, புது வரைபடத்தின் கீழே தன் பேரைப் போட்டு அனுப்பினாள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து கிடைத்ததாகப் பதில் வந்ததும், காலையிலேயே சொல்லியும் கிளம்பாத அக்காவுக்கு மறுபடி போன் போட்டாள்.

"கிளம்புக்கா!"

"மாமாவைத் தூக்கணுமேடி, நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்? தெருவுல உதவிக்குக் கூப்பிட்டா, மணியே அடிக்கல, ஏன் பதறறேன்னு சிரிக்கறாங்க."

அவள் வாயெடுப்பதற்குள் அந்தப் பக்கம் மணி அலறியது. கதவுகள் படபடவென்று திறந்தன. "அண்ணனைத் தூக்க நாங்க வர்றோம்!" என்று யாரோ கத்தினார்கள்.

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு, மேலாளர் முன்னால் மேசையில் வைத்தாள்.