இழவு வீட்டில் ஒரு சிரிப்பு

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் இது பிறந்தது அலெக்சாந்திரியாவில், ஒரு திரையரங்கின் தேநீர்க் கடை முன்னால். என் மனைவி இன்ஷிராஹ் முன்பின் தெரியாத ஒருவரோடு போட்ட சண்டையில். முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

'கடலிலிருந்து மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்த அந்தக் குளிர்கால—'

இல்லை. அன்று நல்ல வெயில். எங்கள் ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே பேனா தானாக மழையைக் கொண்டுவந்துவிடுகிறது. இன்னொன்று:

'இன்ஷிராஹ் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அவளுக்குப் பிடிக்காத படமே—'

இது ஏறக்குறைய உண்மை. ஆனால் இப்படிச் சட்டென்று சொல்லிவிட்டால் அவளை அசடு என்று நினைத்துவிடுவீர்கள்.

2

எந்தப் படத்திலும் பிடித்தது ஏதாவது ஒன்று அவளுக்குக் கிடைத்துவிடும், அவ்வளவுதான். போன வாரம் பார்த்த திருட்டுப் படத்தின் கதை எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அவளோ, வில்லன் ஒருவனை மிரட்டிக்கொண்டே ஆரஞ்சு உரித்து, முதல் சுளையை அவனுக்கே நீட்டியதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அதற்கு முன்னால் பார்த்தது, மாப்பிள்ளை லிஃப்டில் மாட்டிக்கொள்ளும் நகைச்சுவைப் படம். மாமியாராக நடித்தவர் செருப்பைக் கழற்றுகிற அழகுக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டதாம். இருமல் மருந்துக்கு வருகிறவர்கள் ஒரு படத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டுதான் கடையை விட்டு இறங்க முடியும்.

(இந்தப் பகுதியை அவளிடம் படித்துக் காட்டினேன். "என்னை வாயாடியாக் காட்டிட்ட" என்றாள். சோறு ஆறிப்போகும்வரை அதைப் பற்றியே பேசினாள்.)

3

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிந்தைய பிற்பகல் காட்சி. அரங்கில் நாங்கள் இருவர், பின்வரிசையில் கம்பளித் தொப்பி போட்ட ஒருவர். வேறு ஈ காக்கை இல்லை. படம் ஒரு பேருந்து ஓட்டுநரின் விதவையைப் பற்றியது. துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சர்க்கரை போடாத காப்பி ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவள் திடீரென்று சிரித்துவிடுகிறாள். வந்தவர்கள் உறைந்துபோகிறார்கள். பிறகு அவள் பேருந்து ஓட்டக் கற்றுக்கொள்கிறாள்.

வெளியே வந்து தேநீருக்கு நின்றோம். தொப்பிக்காரர் கடைக்காரரிடம், இதெல்லாம் ஒரு படமா, ஒரே இழுவை, எல்லாம் வீண் என்று முனகினார். இன்ஷிராஹ் திரும்பினாள்.

"அந்தச் சிரிப்புமா வீண்?"

"அது நடிகை பண்ணின தப்பு மேடம். அழச் சொன்னா சிரிச்சுட்டாங்க. திரும்ப எடுக்க நேரமில்ல."

அவ்வளவுதான், இவள் பொரிந்து தள்ளிவிட்டாள். உங்கள் வீட்டில் யாரும் செத்ததே இல்லையா என்று கேட்டாள். அவளுடைய அப்பா இறந்த அன்று அவளும் அக்காவும் சமையலறையில் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். ஏன் என்று இன்றுவரை தெரியாதாம். அதை முதல்முறையாகத் திரையில் பார்த்துவிட்டு வந்து நிற்கிறாளாம். மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஆமா, தப்பாச் சிரிச்சாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் எடுத்தேன்."

(இங்கே ஒரு மௌனம் வேண்டும். எழுதிப் பார்த்தேன். நான் எழுதுகிற மௌனமெல்லாம் இலக்கியமாக வந்து தொலைக்கிறது. உண்மையில், சர்க்கரை எவ்வளவு போட என்று கடைக்காரர் கேட்டார்.)

4

அவர் பெயர் வக்தி. இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு இன்னும் சந்தேகம்தான். தன் படத்தைத் தானே திட்டுகிற இயக்குநரை நீங்கள் நம்புவீர்களா? ஆனால் அவர் சொன்ன காரணம் எளியது. அன்றைய மாலைக் காட்சியோடு படத்தை அரங்கிலிருந்து தூக்கிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் மாமனாரின் டைல்ஸ் கடையில் உட்காரச் சம்மதித்திருக்கிறார். படம் மோசம் என்று நம்பிவிட்டால் கடைக்குப் போவது சுலபம்.

"தம்பி, உங்க படம் உங்களுக்கே புரியல" என்று சொல்லிவிட்டு இன்ஷிராஹ் கைப்பேசியை எடுத்தாள். வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக அழைத்தாள். மூட்டுவலிக்காரர்களிடம் ஓரத்து இருக்கை பிடித்துவைப்பதாகச் சொன்னாள். தயங்கிய ஒருவரிடம் மட்டும் குரலைத் தாழ்த்தினாள்: "வரலேன்னா அடுத்த தடவை ஊசி வலிக்கும்."

மாலையில் பாதி அரங்கு நிறைந்துவிட்டது. ஏதோ ஆஸ்பத்திரிக் கூடம் போல ஒரே இருமல். வக்தி உட்கார மறுத்து, பின்கதவுத் திரைச்சீலை ஓரமாக நின்றார். காப்பிக் காட்சி வந்தது. திரையில் அவள் சிரித்தாள். அரங்கில் இருமல் நின்றது. பிறகு முன்வரிசையில் ஒரு பெண் சிரித்தார். மீன் சந்தையில் கடை வைத்திருக்கும் உம்மு ஸுஹைர். கணவரை அடக்கம் செய்து இன்னும் கறுப்பு உடை மாறாதவர். வாயைப் பொத்திக்கொண்டார், முடியவில்லை. அடக்க அடக்கச் சிரிப்பு பீறிட்டது. பக்கத்து இருக்கைக்காரரையும் அது தொற்றிக்கொண்டது, பிறகு அந்த வரிசையையே. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

5

முடிவுக்கு வந்துவிட்டோம். 'வக்தி டைல்ஸ் கடையை உதறிவிட்டு அடுத்த படத்துக்கு—' இது இன்ஷிராஹ் கேட்ட முடிவு. 'ஞாயிறன்று வக்தி கடையைத் திறந்து, முதல் வாடிக்கையாளரிடம்—' இது என் கைக்குப் பழகிய முடிவு. எழுத்தாளனுக்குச் சோகம் மலிவாகக் கிடைக்கும்.

நடந்தது இது. விளக்குகள் எரிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. உம்மு ஸுஹைர் திரும்பி அரங்கைப் பார்த்தார்.

"இந்தப் படத்தை யாருப்பா எடுத்தது? இங்க இருக்கானா?"

இன்ஷிராஹ் ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். அவள் நீட்டவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, கன்னமெல்லாம் சிவக்க, வக்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு தெரிந்தும் பேசாமலிருந்த அவளை நான் அதுவரை கண்டதில்லை. அதனால் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். நான் திரும்பியபோது எல்லாத் தலைகளும் பின்பக்கம் திரும்பியிருந்தன. திரைச்சீலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

போவதற்கு முன் வக்தி என்ன செய்தார் என்று பிறகு அவளிடம் கேட்டேன். "நீ பாக்கலல்ல? அப்ப எழுதாத" என்றாள்.

ஆகவே அந்த ஒரு வரி உங்களுடையது. கதவின் பிடி அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கையை உயர்த்தவும் அவ்வளவு முயற்சிதான் தேவை.