அழிந்த அம்புக்குறி

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தபோது அலுமினியக் கட்டியின் மேலிருந்த அம்புக்குறியும் சேர்ந்து அழிந்துவிட்டது. அது தற்செயல்தான். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அழுத்திச் சோதிக்கும் இயந்திரத்தின் தட்டில் வழுக்கும் என்று எதையும் துடைத்துவிட்டுத்தான் வைப்பேன். தங்கை சாதாரண மார்க்கரால் போட்டிருப்பாள் என்று யார் கண்டது.

மூன்று சென்டிமீட்டர் கட்டி. உருகிய உலோகத்தை நுரைக்கவிட்டு ஆறவைத்தது. உள்ளே முழுக்க ரொட்டியில் இருப்பதுபோல் துளைகள். நுரை பொங்கிய திசையில் துளைகள் நீண்டிருக்கும். அந்தத் திசையில் நிறுத்தி அழுத்தினால் நன்றாகத் தாங்கும், படுக்கவைத்தால் சீக்கிரம் நசுங்கிவிடும். எது மேல் பக்கம் என்று சொல்லத்தான் அந்த அம்பு. ஆனால் பதினோரு வருடமாக இந்த இயந்திரத்தோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு அம்பெல்லாம் எதற்கு? ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். தெரிந்துவிட்டது.

இதே கட்டியை எக்ஸ்ரே எடுத்து, ஒவ்வொரு துளையின் சுவரையும் கணினியில் எழுப்பி, எத்தனை கிலோ தாங்கும் என்று தங்கை கணக்குப் போட்டிருந்தாள். அந்த எண் ஒட்டிய உறைக்குள் எங்கள் ஆய்வகப் பேராசிரியரிடம் இருக்கிறது. நான் அழுத்தி எடுக்கும் எண்ணோடு ஒத்துப்போனால் நிரந்தர வேலை அவளுக்கு. அவள் இங்கே வேலைக்கு வந்து மூன்றே வருடம். எனக்கு இன்னும் வருடாவருடம் ஒப்பந்தம். நேற்று அம்மா சித்தியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சின்னவ கம்ப்யூட்டர்லயே உடைச்சுப் பாத்துடுவா. பெரியவளுக்குத்தான் நிஜமா உடைச்சாகணும்." சொல்லிவிட்டு ஒரே சிரிப்பு. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சியோடு பாதிச் சோறும் தொட்டியில் போனது. பொறாமைதான், வேறு பெயர் எதுவும் வைக்க விரும்பவில்லை.

கட்டியைப் படுக்கவைத்தேன். தெரிந்துதான் வைத்தேன். இருப்பது ஒரே கட்டி, நசுங்கினால் நசுங்கியதுதான். பொத்தானை அமுக்கினேன்.

தங்கை வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"எவ்வளவுக்கா?"

"இருநூத்தி எண்பத்தெட்டு கிலோ."

அவள் முகம் சுண்டிப்போனது. ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்."

"விடுடி, அடுத்த தடவை பாத்துக்கலாம்." என் குரல் அவ்வளவு இனிமையாக வந்தது எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவள் மடிக்கணினியைத் திறந்து வெகுநேரம் எதையோ தேடினாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். "நிறுத்தி வெச்சா நானூத்தி இருபதுன்னு எழுதிக் குடுத்தேன். படுக்கவெச்சா என்ன ஆகும்னும் சும்மா ஓட்டிப் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல."

திரையில் இருநூற்றுத் தொண்ணூறு. இயந்திரத்திலிருந்து அவள் ஏற்றிய என் வரைகோடும் அவள் வரைகோடும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. நான் செய்த அயோக்கியத்தனத்தைக்கூட அவள் கணக்கு இரண்டு கிலோ வித்தியாசத்தில் சொல்லிவிட்டது. வெட்கம் வருவதற்கு முன்னால் மறுபடியும் பொறாமைதான் வந்தது.

"அம்பு எங்கக்கா?"

"துடைக்கும்போது அழிஞ்சிடுச்சு."

"அம்பு இல்லேன்னா உனக்குத் தெரியாதா?"

இத்தனை வருடத்தில் என் கண்ணைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

நடைபாதையில் பேராசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கை நசுங்கிய கட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள். பக்கத்தில் மார்க்கரை வைத்தாள்.

"நீயே போட்டுடு," என்றாள். கோபம்கூட இல்லை குரலில்.

அம்பைப் படுக்கையாகப் போட்டால் நான் கட்டியைப் படுக்கவைத்தது தெரிந்துவிடும், என் தப்பு. செங்குத்தாகப் போட்டால் நான் சரியாக நிறுத்தியதாக ஆகும், அவள் கணக்குத் தப்பு. மூடியைக் கழற்றினேன். கதவின் கைப்பிடி திரும்பியது. மார்க்கர் முனையை உலோகத்தில் வைத்தேன். கோடு இழுப்பதற்குள் மை பக்கத்திலிருந்த துளைக்குள் இறங்கத் தொடங்கியது.