எடுக்காதே என்பவருக்கும் நீண்ட ஆயுள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. எங்கள் அடுக்குமாடிக்கு வரும் லிப்ட் மெக்கானிக், தன் பிரார்த்தனையைச் செல்போனிடம் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னார். காலையில் அவர் பல் தேய்க்கும்போது, செயற்கை நுண்ணறிவு அவர் குரலிலேயே கடவுளிடம் பேசுமாம். எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று வயிறு எரிந்தது.

(முதலில், 'இயந்திரத்துக்கு ஆன்மா உண்டா என்கிற ஆதிக் கேள்வி...' என்று தொடங்கினேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

2

போனில் பதிந்திருக்கும் எல்லோருக்காகவும் வேண்டச் சொல்லியிருந்தார். சொல் தட்டாத பிள்ளை அது. ஆறாம் மாடி டாக்டருக்கு வேண்டியது. கிரீஸ் கடைக்காரருக்கு. லிப்ட் கதவு ஒட்டிக்கொள்ளும் பில்டிங்குக்கு. 'எடுக்காதே' என்று அவர் பதிந்துவைத்த இன்சூரன்ஸ்காரருக்கும் நீண்ட ஆயுள் கேட்டது. பிடிக்காதவனுக்கும் நல்லது நினைப்பதுதான் அறத்தின் உச்சி என்பார்கள். மெக்கானிக் வாயில் நுரையோடு அங்கே ஏறிவிட்டார்.

3

இனி அவருடைய மனைவி. கோபக்காரியாக எழுதப் பார்த்தேன், ஒத்துழைக்கவில்லை. இதய அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறார். ஸ்ட்ரெச்சர் வரப்போகிறது. தனக்காக அந்தப் போன் என்ன வேண்டுகிறது என்று கேட்க ஆசைப்பட்டார்.

கணவர் போட்டுக் காட்டினார். டாக்டர், கிரீஸ், கதவு, எடுக்காதே. முடிந்தது.

"நான் எங்கேங்க?"

மனைவியின் நம்பரை அவர் போனில் ஏற்றியதே இல்லை. விரலுக்கே மனப்பாடம்.

"உன் நம்பர் மனசுல இருக்கு. அதான் பதியல."

"அப்ப மனசுலேர்ந்தே வேண்டுங்க. வாயத் திறந்து. எனக்குக் கேக்கணும்."

கணவருக்கு வேண்டுகிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. "வந்து... இவளை..." என்று இழுத்தார். கடவுளுக்கு முதலில் வணக்கம் சொல்ல வேண்டுமா என்று மனைவியிடமே கேட்டார்.

"அவர் என்ன மேனேஜரா?"

பயந்து கிடந்த மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

4

முடிவு அ: கணவர் உருகி, கண்ணீர் பெருகி... (வேண்டாம்.)

முடிவு ஆ: போன் தானாகவே அடியெடுத்துக் கொடுக்கிறது. (மனைவி அதைத் தலையணைக்கடியில் தள்ளிவிட்டார்.)

முடிவு இ: வேண்டுதலை நானே எழுதித் தருவது. எழுதினேன். பிரமாதமாக வந்தது. அப்புறம்தான் உறைத்தது, அவருக்குப் பதிலாக வேண்டிக்கொள்ளும் இரண்டாவது இயந்திரம் நான்.

அழித்துவிட்டேன்.

ஸ்ட்ரெச்சர் நகர்கிறது. கணவர் மனைவியின் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே ஓட்டமும் நடையுமாகப் போகிறார். வாயைத் திறந்துவிட்டார். வாசகரே, உங்களுக்கு நாக்கு நுனியில் ஏதோ வந்திருக்குமே. தயவுசெய்து எடுத்துக்கொடுக்காதீர்கள். அவரே சொல்லட்டும்.