தனக்கென்று ஒரு மூடி

ஊருக்கெல்லாம் பல் கட்டிக்கொடுத்த மனிதர், தன் வாயை மட்டும் எந்த டாக்டருக்கும் காட்டியதில்லை. பல்செட்டுக்காரர் என்றுதான் அந்தத் தெருவில் அவருக்குப் பெயர். மாடியில் பல் ஆஸ்பத்திரி. மாடிப்படிக்கு அடியில் அவருடைய பட்டறை. மேலே நோயாளிகளின் வாயில் எடுத்த அளவு கீழே இறங்கி வரும். அவர் அதில் பிளாஸ்டரை ஊற்றி அச்சு எடுப்பார். மெழுகில் பல்லை நிறுத்தி, ஈறு நிறத்தில் பிளாஸ்டிக் வார்த்து, தேய்த்து மெருகேற்றி அனுப்புவார். பல்செட்டு மேலே போகும். அவர் போகமாட்டார். எதுவானாலும் டாக்டரம்மாதான் இறங்கி வரவேண்டும்.

"என்னண்ணே, நாலு படி ஏறி வந்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

"முட்டி வலிம்மா."

"நேத்து பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடிச்சீங்களே, ஜன்னல்லேருந்து பார்த்தேன்."

"அது பஸ்ஸும்மா. விட்டா போயிடும். நீங்க எங்க போயிடப் போறீங்க?"

மேலே பல்லைக் குடையும் மெஷின் 'கிர்ர்' என்று கிளம்பினால், கீழே மெருகு மோட்டாரைத் தட்டிவிடுவார். கையில் வேலை இருக்காது. சக்கரம் வெறுமனே சுற்றும். சாப்பாடு கொண்டுவரும் மனைவிக்கு மட்டும் அந்தச் சக்கரம் ஏன் சுற்றுகிறது என்று தெரியும்.

சின்ன வயதில் அவருக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. "சும்மா பார்க்கத்தான்டா போறோம்" என்று அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். பல் பிடுங்குகிறவர் ஊசி போட்டார். மரத்துப்போகும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை, வாசலில் கூட்டம். அப்பா பையனின் காலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இடுக்கி பல்லைக் கவ்வியது. பாதிதான் வந்தது. வேர் உள்ளேயே நின்றுவிட்டது. அடுத்த வாரம் வேருக்காக மறுபடியும் அதே நாற்காலி.

"முதல் தடவை தெரியாம போனேன். ரெண்டாவது தடவை தெரிஞ்சு போனேன். அதுதான்டி," என்று கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னார். பையன் அலறிய அலறலை அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நடித்துக் காட்டுவாராம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். "நானும் சிரிப்பேன். வேறென்ன பண்றது?"

"அப்புறம் எப்படிங்க இந்தத் தொழிலுக்கு வந்தீங்க?"

"சித்தப்பா சேர்த்துவிட்டாரு. நல்லதாப் போச்சு. பிளாஸ்டர் வாய் கத்தாது."

அப்படி நல்லதாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அவருடைய கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று உள்பக்கமாக உடைந்தது. விளிம்பு கத்திபோல நின்றது. பேசினால் நாக்கை உரசியது, சாப்பிட்டால் கிழித்தது. படியேறியிருந்தால் டாக்டரம்மா அரை மணியில் சரி செய்திருப்பாள். அவர் ஏறவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, அளவு மாவைக் குழைத்துத் தன் வாயிலேயே வைத்துக் கடித்தார். பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்தார். உடைந்த பல்லுக்கு மேலே தொப்பிபோல ஒரு மூடி வார்த்து, மெருகு போட்டு மாட்டிக்கொண்டார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"என்னங்க, வாய்ல மிட்டாயா? பேச்சு வழவழங்குது," என்றாள் மனைவி.

அவர் வாயைத் திறந்து காட்டினார், ஏதோ மெடல் வாங்கியவர்போல. "என் வாய்க்கு நானே வைத்தியன்."

"டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

"சொன்னா நாற்காலியில உட்காரச் சொல்லுவாங்க. நீ உட்காருவியா எனக்குப் பதிலா?"

மூடி கொஞ்ச நாள் நிம்மதி கொடுத்தது. பிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. மூடி உரசுகிறது என்று நினைத்தார், கழற்றித் தேய்த்தார். புண் ஆறவில்லை. மறுபடி அளவு எடுத்து வேறு மூடி செய்தார். அதுவும் சரிப்படவில்லை, இன்னொன்று. ஒவ்வொரு அச்சையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். குற்றம் எங்கே என்று தேடுவார். தொழில்காரர் கண் அது, முடி அகலப் பிசகைக்கூடப் பிடித்துவிடும். ஆனால் அச்சில் பல் இருக்கும், ஈறு இருக்கும். நாக்கு இருக்காது. இல்லாத இடத்தில் அவர் எதைத் தேடுவார்?

ஒரு நாள் டாக்டரம்மா யாருடைய பல்செட்டையோ கேட்டு வந்தாள். அலமாரியில் ஒரே வாயின் அச்சுகள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டாள். ஒன்றை எடுத்தாள்.

"இது யார் வாய்ண்ணே? நான் அனுப்பலையே."

அவர் மோட்டாரைத் தட்டப் போனார். அவள் சுவிட்சின் மேல் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணே. வாயைத் திறங்க."

"மேல வரமாட்டேன்மா."

"வர வேணாம். அந்த ஸ்டூலை ஜன்னல் பக்கம் போடுங்க. தொடமாட்டேன். பார்க்கத்தான் போறேன்."

பார்க்கத்தான் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அப்போது சாப்பாட்டோடு வந்த மனைவி, கூடையைக் கீழே வைத்தாள். "திறங்க," என்றாள். "இல்லேன்னா நான் இந்த நிமிஷமே பொறந்த வீட்டுக்குப் போறேன்."

"பொறந்த வீட்ல யாரிருக்கா உனக்கு?"

"பூட்டு இருக்கு. திறந்துட்டு உள்ள போய் உட்கார்ந்துக்கறேன். திறங்க வாயை!"

திறந்தார். டாக்டரம்மா குனிந்து பார்த்தாள். பல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நாக்குல இது எவ்வளவு நாளா இருக்குண்ணே?" என்றாள். குரல் மாறியிருந்தது. மனைவிதான் பதில் சொன்னாள். "போன மழைக்கு முன்னாடியே இருந்துதும்மா."

பெரிய ஆஸ்பத்திரியில் அவர் வாயை இறுக்கிக்கொண்டதால், மயக்கம் கொடுத்துத்தான் நாக்கில் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். சந்தேகப்பட்டதுதான் வந்தது, புற்றுநோய். நாக்கில் ஒரு பக்கத்தை எடுக்கவேண்டும். அதற்கு முன்னால் அந்தக் கடைவாய்ப் பல்லும் அதற்கு அடுத்ததும் வெளியே வரவேண்டும். இரண்டின் அடியிலும் சீழ். அந்தக் குழி ஆறினால்தான் ஆபரேஷனுக்குத் தேதி. பல்லுக்கும் மயக்கம் கொடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். "மயக்கத்தைப் பெரிய ஆபரேஷனுக்கு வச்சுக்குங்க. ரெண்டு பல்லுக்கு எதுக்குங்க?" என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"நாக்கை வெட்டட்டும்டி. அது மயக்கத்துல. இது முழிச்சுக்கிட்டு இல்ல?"

"நாக்குப் போறதுக்கு அழலை, பல்லுக்கு அழறீங்களே!"

"நீ சிரிக்கிறியா?"

"நானா? என் மூஞ்சியைப் பாருங்க. சிரிக்கிற மூஞ்சியா இது?"

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். "தள்ளிப்போட்டா மறுபடி பயந்துடுவேன். வா," என்றார்.

பட்டறைக்கு மேலே போகும் அந்த மாடிப்படிகளை அன்றுதான் அவர் முதன்முதலாக ஏறினார். இரண்டு படிக்கு ஒருமுறை நின்றார். கைப்பிடி வேர்வையில் வழுக்கியது. நாற்காலியில் சாய்ந்தபோது முழங்கால்கள் தானாக ஆடின. மனைவி அவற்றைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அவர் திடுக்கிட்டதைப் பார்த்து இழுத்துக்கொண்டாள். கதவோரம் போய் நின்றாள்.

"அண்ணே, வலிச்சா இடது கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடுவேன்," என்றாள் டாக்டரம்மா.

உடனே இடது கை உயர்ந்தது. டாக்டரம்மா தன் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இன்னும் வாய் பக்கமே வரலையேண்ணே."

"தெரியும்மா. நிறுத்துறீங்களான்னு பார்த்தேன்."

அவள் ஒரு நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஈறில் களிம்பு தடவினாள். அது மரத்தபிறகுதான் ஊசி போட்டாள். போட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே ஆட்கள் இருமினார்கள், செருப்பைத் தேய்த்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. உதடு தடிச்சுடுச்சா, நாக்கு நுனி தெரியுதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாம் மரத்துவிட்டது என்று உறுதியானபிறகே இடுக்கியை எடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணுக்குள் ஒரு வாழ்நாள் பயம் முட்டிக்கொண்டு நின்றது. எலும்பில் ஒரு அழுத்தம், ஒரு 'நறுக்'. மறுபடி ஒரு அழுத்தம்.

"ஆச்சுண்ணே."

"எது?"

"ரெண்டும்."

அவர் கண்ணைத் திறந்தார். தட்டில் இரண்டு பல்லும் வேரோடு கிடந்தன.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்ணே. பஞ்சைக் கடிச்சுக்குங்க."

பஞ்சைக் கடித்தார். கொஞ்சநேரம் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு நெஞ்சு குலுங்கக் குலுங்க அழ ஆரம்பித்தார். மனைவி ஓடி வந்தாள்.

"வலிச்சுதா? ஐயோ, ரொம்ப வலிச்சுதாங்க?"

இல்லையென்று தலையாட்டினார்.

"பின்ன ஏங்க இப்படி அழறீங்க?"

"பேசாதீங்கண்ணே, ரத்தம் நிக்கட்டும்," என்றாள் டாக்டரம்மா. அவர் கேட்கவில்லை. பஞ்சுக்கு நடுவே, மரத்த உதட்டை வைத்துக்கொண்டு, திக்கித் திக்கிச் சொன்னார்.

"வலிக்கவே இல்லடி."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.