மீன்கொத்தி பேட்ச்

ஜெரோமிடம் எழுபத்து நாலு பேட்ச் இருந்தன. ராணுவ விமானிகள் சட்டைத் தோளில் ஒட்டிக்கொள்வார்களே, உள்ளங்கை அகலத்துக்குத் துணி வில்லை, அதுதான். எல்லாப் படையினுடையதும் அவனுக்கு வேண்டாம். ஹெலிகாப்டரில் போய் ஆட்களைக் காப்பாற்றும் பிரிவுகளுடையது மட்டும் போதும். நார்வே, ஜப்பான், கிரீஸ் என்று எங்கெங்கோ இருக்கும் இவனைப் போன்றவர்களோடு தபாலில் மாற்றிக்கொண்டு சேர்த்தவை. ஒவ்வொன்றின் கீழும் பிரிவின் பெயரையும், அதை அணிந்திருந்தவர் பெயரையும் எழுதி வைப்பான். யாரும் அணியாத பேட்ச்சை அவன் ஆல்பத்தில் சேர்ப்பதில்லை.

அந்த ஆல்பத்தின் முதல் பக்கம் மட்டும் ஒன்பது வருஷமாகக் காலி.

சென்னையில் வெள்ளம் வந்த வருஷம் அவனும் கவியாவும் முடிச்சூரில் வாடகைக்கு இருந்தார்கள். கல்யாணமாகி ஐந்து மாதம். மொட்டை மாடியில் பதினாறு பேர் ஒன்றரை நாள் நின்றார்கள். முதலில் ஒரு ஹெலிகாப்டர் வந்து கவியாவையும் இன்னும் மூன்று பெண்களையும் தூக்கிக்கொண்டு போனது. அரை மணி கழித்து இன்னொன்று வந்தது. கயிற்றில் இறங்கியவர் ஜெரோமின் இடுப்பில் பெல்ட்டை மாட்டியபோது, அவருடைய தோள் இவன் மூக்குக்கு நேராக இருந்தது. மஞ்சள் வட்டம். அதற்குள் அலகில் கயிற்றைக் கவ்விய மீன்கொத்தி. பயத்தில் அதையே பார்த்துக்கொண்டு மேலே போனான். அன்றிலிருந்து பிடித்தது இந்தப் பைத்தியம்.

அந்தப் பிரிவைக் கண்டுபிடிக்கவே இரண்டு வருஷம் ஆனது. கடிதம் எழுதினான். தனியாருக்குப் பேட்ச் தருவதில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. மறுபடி எழுதினான். அதே பதில், தேதி மட்டும் வேறு. ஓய்வு பெற்ற ஒருவரைத் தேடிப் பிடித்து போனில் கேட்டான். சீருடையோடு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஒருமுறை இணையத்தில் ஒன்று விலைக்கு வந்தது. பார்சலைப் பிரித்தால் உள்ளே இருந்தது கொக்கு.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கவியாவின் தம்பி குடும்பத்தை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஐந்து ரதம் போகிற வழியில் ஃபர்தீன் என்பவனின் பை கடை. அங்கே தொங்கிய முதுகுப்பை ஒன்றின் மேல் மீன்கொத்தி இருந்தது. மஞ்சள் வட்டம், அலகில் கயிறு. ஜெரோம் நின்றுவிட்டான். கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய அதே மீன்கொத்தி, சே குவேரா முகத்துக்கும் சிரிக்கும் மஞ்சள் பொம்மைக்கும் நடுவில் குவிந்து கிடந்தது.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டான். குரல் உயர்ந்துவிட்டது. ஃபர்தீன் பயந்துபோய், செங்கல்பட்டில் ரஹ்மத்துல்லா பாய் தைத்துத் தருகிறார், வெள்ளைக்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள் என்றான். போலி என்று ஜெரோம் கத்தினான். கவியா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அன்று யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் ஜெரோமுக்கு முதல் ஷிப்ட். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனியில் அவன் தரச் சோதனை பார்ப்பவன். அன்று நல்ல பாகங்கள் இரண்டைத் தப்பு என்று ஒதுக்கி சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினான். ஷிப்ட் முடிந்ததும் நேராகச் செங்கல்பட்டு. ரஹ்மத்துல்லாவின் எம்ப்ராய்டரி பட்டறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. நாலு மிஷின் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூட டைக்கு முத்திரை.

ராணுவப் பேட்ச்சைக் காப்பியடித்து விற்கலாமா என்று ஜெரோம் ஆரம்பித்தான். பெரியவர் கோபப்படவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார்.

"காப்பி இல்ல தம்பி. அவங்களுக்கும் நான்தான் தெச்சிக் குடுக்கிறேன். காண்ட்ராக்ட்காரர் ஆர்டர் குடுப்பாரு. எரநூறு கேட்டா எரநூத்தம்பது ஓட்டுவோம், சேதாரம் வரும்ல. மிச்சம் நின்னது கடைக்குப் போச்சி."

"அப்ப ஒரிஜினல் எது?"

"எல்லாம் ஒரே நூலு, ஒரே மிஷினு. எது அங்க போச்சி, எது இங்க நின்னுச்சின்னு எனக்கே தெரியாது."

பன்னிரண்டு வருஷமாக அவர்தான் தைக்கிறாராம். அப்படியென்றால் அன்று மொட்டை மாடியில் அவன் மூக்குக்கு நேராக இருந்ததும் இந்தப் படிக்கட்டு வழியாகத்தான் இறங்கிப் போயிருக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு அவர்கள் குடிவந்ததும் இதே செங்கல்பட்டுதான், வீட்டிலிருந்து நடந்து வரும் தூரம். ஒன்பது வருஷத் தேடலை நினைத்தபோது அவனுக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. பெரியவர் ஒன்றை எடுத்து நீட்டினார். வாங்க மறுத்தான். அவரே அதை அவன் சட்டைப் பையில் போட்டு அனுப்பினார்.

வீட்டில் கவியா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். யாரும் போடாத பேட்ச் இது, இதை எப்படி முதல் பக்கத்தில் வைப்பது, உன்னைக் காப்பாற்றியவர்களின் அடையாளம் இப்படிப் பொம்மைக்கு நடுவில் கிடக்கிறதே என்று புலம்பினான்.

அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

"என்னைத் தூக்கினது வேற வண்டி. அது வெள்ளை, உன்னுது பச்சை. அந்தாளு தோள்ல மீன்கொத்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

இரண்டும் ஒரே பிரிவு என்றுதான் இத்தனை நாள் அவன் நினைத்திருந்தான். நினைத்தது மட்டுமல்ல, நார்வேக்காரன் வரைக்கும் அப்படித்தான் எழுதியிருந்தான். இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று எரிந்து விழுந்தான்.

"நீ எங்க கேட்ட? ஒம்பது வருஷமா அந்தக் குருவியத்தான் தேடிகினு கீற. மேல போறப்ப நான் இன்னா பாத்தேன், எப்டி இருந்துச்சின்னு ஒரு நாளாவது கேட்டியா?"

அவன் துணிக் குவியலை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி இருந்தது என்று கேட்டான். கண்ணை மூடிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். காற்றில் தலைமுடி முகத்தில் அடித்ததாம். அந்த ஆள் ஈரக் கையுறையோடு அவள் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாராம். இந்தியில் ஏதோ திரும்பத் திரும்பச் சொன்னாராம், ஒன்றும் புரியவில்லையாம். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. இவ்வளவு தாமதமாகக் கேட்கிறானே என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

அடுத்த வாரம் ஜெரோம் அதே மீன்கொத்திப் பிரிவுக்கு மறுபடி ஒரு கடிதம் எழுதினான். பேட்ச் கேட்கவில்லை. அன்று அந்தத் தெருவுக்கு முதலில் வந்த வெள்ளை ஹெலிகாப்டர் எந்தப் பிரிவு, கயிற்றில் இறங்கியவர் யார் என்று மட்டும் கேட்டிருந்தான். வேறு பிரிவு என்றால் இவர்களுக்குத் தெரியுமா என்பதும் அவனுக்குத் தெரியாது. இது ஐந்தாவது மாதம். இன்னும் பதில் இல்லை. வந்ததா என்று கவியாவும் இப்போது கேட்கிறாள்.