ஆறு நெற்றிகளில் பிளாஸ்திரி

சலவைக் கடைக்கு வருகிறவர்களின் முகம் தங்கைக்கு ஒருபோதும் மனதில் தங்கியதில்லை. சட்டைதான் தங்கும். காலர் ஓரம் நைந்த ஊதா, பாக்கெட்டில் மைக்கறை வைத்த வெள்ளை, ஒரு பொத்தானை மட்டும் வேறு நூலில் தைத்த கோடுபோட்டது என்று ஆளை விட்டுவிட்டுத் துணியைப் பிடித்துக்கொள்வாள். தெருவில் யாராவது நலம் விசாரித்தால் திருதிருவென்று விழிப்பாள். அண்ணனுக்கு அது பெரிய வேடிக்கை. "உன்னப் போலீஸ்ல சேத்தா அவ்ளோதான். சட்டையப் புடிச்சு உள்ள போட்டுட்டு ஆள வெளிய விட்ருவ" என்று இஸ்திரிப் பெட்டியை அழுத்திக்கொண்டே சிரிப்பான்.

அந்த அண்ணனைத்தான் ஒரு மழை நாள் சாயங்காலம், கல்லாவில் கிடந்த சில்லறைக்காக, கடைக்குள் வைத்தே ஒருவன் குத்திக் கொன்றான்.

தங்கை அப்போது பின்னறையில் யாரோ வீட்டுத் திரைச்சீலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ சரிந்து விழும் சத்தம் கேட்டு முன்னால் வந்தாள். மழைக்கோட்டு போட்ட ஒருவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். இருவருக்கும் நடுவே ஒரு மேசை அகலம்தான். பிறகு கதவு மணி கிணுகிணுத்தது. மழைச் சத்தம் உள்ளே வந்து, கதவு சாத்தியதும் மறுபடி வெளியே போயிற்று. அது ஊரில் எல்லோரும் போடுகிற கறுப்பு மழைக்கோட்டு. பிடித்துக்கொள்ள அதில் ஒரு கறைகூட இல்லை.

சில வாரம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஆள் சிக்கிவிட்டானாம். பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருக்கிறவன், பழைய திருட்டு வழக்கு ஒன்று உள்ளவன். அடையாள அணிவகுப்பில் அவள் ஆளைக் காட்ட வேண்டும்.

சுவர் ஓரமாக ஆறு பேரை நிறுத்தியிருந்தார்கள். ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே வயது. எல்லோருக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிறச் சட்டை, புதிது, மடிப்புக்கூடப் போகவில்லை. எல்லோருடைய இடது புருவத்துக்கு மேலும் ஒரு பிளாஸ்திரி. குழல் விளக்கு வெளிச்சத்தில் ஆறு பேரும் ஒரே தாய் வயிற்றில் பிறந்து ஒரே படிக்கட்டில் உருண்டு விழுந்தவர்களைப் போல இருந்தார்கள்.

"பதட்டப்படாதீங்கம்மா. நிதானமா பாருங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

சட்டையால் பயனில்லை என்பதால் முகத்தைப் பார்த்தாள். ஐந்து பேர் பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப் போல எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் தெருவில் போகும்போது கூப்பிட்டு நிறுத்தப்பட்டவர்கள். நான்காவது ஆள் மட்டும் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை பட்டதும் அவள் கை தானாக நீண்டது.

"சபாஷ்" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "நல்ல ஞாபக சக்திம்மா உங்களுக்கு."

வாழ்நாளில் யாரும் அவளிடம் சொல்லாத வார்த்தை அது.

அன்றிலிருந்து அந்த முகம் வீட்டுக்கு வரத் தொடங்கியது. நீராவிக்குள் தெரியும். பாலிதீன் உறை மாட்டித் தொங்கவிட்ட கோட்டுகளின் வரிசைக்கு நடுவே, கழுத்துக்கு மேல் இருக்க வேண்டிய வெற்றிடத்தில் வந்து நிற்கும். அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் ஒவ்வொரு ரேகையும் துல்லியமாகத் தெரிந்தது: கன்ன எலும்பு, காய்ந்த உதடு, அவளைப் பார்த்துச் சுருங்கும் கண். அணிவகுப்புக்கு முன்னால் அந்த மழைக்கோட்டுக்கு மேலே வெறும் மங்கல்தான் இருந்தது என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

அண்ணி வாரத்தில் பாதி நாள் கடையில் வந்து உட்காருவாள். அழுவதில்லை. ரசீதுகளை ஊசியில் குத்திக்கொண்டே, "நீ மட்டும் பாக்கலேன்னா அவன் இந்நேரம் ஜாலியா திரிஞ்சுட்டு இருப்பான், பூனை" என்பாள். ஓசையில்லாமல் வந்து பின்னால் நிற்கிறவள் என்று அண்ணன் வைத்த பெயர் அது. அண்ணன் போன பிறகு அதை அண்ணி எடுத்துக்கொண்டாள். "அவன் உள்ள இருக்கான்னு நெனச்சாத்தான் எனக்குச் சோறு எறங்குது."

வழக்கு விசாரணைக்கு வந்தது. சாட்சி சொல்வதற்கு முந்தின வாரம் அரசு வக்கீல் அவளைத் தன் அறைக்கு வரச் சொன்னார். குளிரூட்டி உறுமுகிற சிறிய அறை. அவர் ஒரு கையால் சாண்ட்விச் சாப்பிட்டபடி மறு கையால் வழக்குக் கட்டைப் புரட்டினார்.

"கோர்ட்ல கேக்குற மாதிரியே கேக்குறேன். உள்ள வர்றீங்க. அவன் நிமிந்து பாக்குறான். எப்படி இருந்தான்? சொல்லுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அது எளிதாக இருந்தது. "ஒல்லியான முகம் சார். கன்னம் ஒட்டி இருக்கும். உதடு வெடிச்சிருந்துச்சு. இடது புருவத்துக்கு மேல பிளாஸ்திரி..."

மெல்லுகிற சத்தம் நின்றது.

"பிளாஸ்திரியா?"

"ஆமா சார். இங்க."

வக்கீல் வழக்குக் கட்டுக்குள் ஒரு பக்கத்தைத் தேடி, விரலை ஓட்டிப் பார்த்தார். "முதல் வாக்குமூலத்துல அப்படி எதுவும் சொல்லலையேம்மா நீங்க."

"மறந்திருப்பேன் சார்."

"சரி, விட்ருங்க. கோர்ட்ல அதப் பத்தி வாயத் தொறக்காதீங்க. மத்ததெல்லாம் பிரமாதம்." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கோங்க. கத்தி கிடைக்கல. ரேகை இல்ல. இந்தக் கேஸே நீங்க நீட்டுன அந்த ஒரு விரல்லதான் நிக்குது."

வெளியே பெஞ்சில் பெண் காவலர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அணிவகுப்பு நாளில் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தவர்தான். இன்ஸ்பெக்டருக்கு வரவேண்டிய ஏதோ காகிதத்துக்காகக் காத்திருந்தார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அன்னைக்கு ஆறு பேருக்கும் எதுக்கு பிளாஸ்திரி?"

"அதையேன் கேக்குற போ" என்று அவர் சிரித்தார். "அந்த ஆளுக்குப் புருவத்துல தையல் போட்டிருந்துச்சு. ஒருத்தனுக்கு மட்டும் காயம் தெரிஞ்சா அவன் வக்கீல் சும்மா விடுவானா? அதான் நானே போய் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்து எல்லாருக்கும் ஒட்டி விட்டேன். ஒருத்தன் கூச்சம் தாங்காம நெளிஞ்சு நெளிஞ்சு, கல்யாண மாப்பிள்ளைக்கு நலங்கு வைக்கிற கணக்கா ஆயிடுச்சு."

"அவருக்கு எப்ப அடிபட்டுச்சு?"

பெண் காவலர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார். "லாக்கப்ல வழுக்கி விழுந்துட்டான்."

"எங்க கடைக்கு வந்த பிறகா?"

"ஸ்டேஷனுக்கு வந்த பிறகுன்னு சொல்லு. உங்க கடைக்கு எங்க வந்தான்?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தரை வழவழன்னு இருக்கும்மா. விழறவங்க விழத்தான் செய்வாங்க. நீ எதுக்கு அதெல்லாம் கேட்டுக்கிட்டு?"

தங்கை நடந்தே வீடு திரும்பினாள். காவல் நிலையத்தில் விழுந்து உண்டான காயம். அதை மறைக்க மருந்துக்கடையில் வாங்கிய பிளாஸ்திரி. அது எப்படி அவள் கடைக்குள், அந்த மழைக்குள் வந்தது?

துணி மடிக்கும்போது, பல் துலக்கும்போது, மருந்துபோல அந்தச் சாயங்காலத்தை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் அவன் நிமிர்கிறான். பிளாஸ்திரி இருக்கிறது. இருக்கக் கூடாது. மனதுக்குள்ளேயே கையை நீட்டி, நகத்தால் அதன் ஓரத்தை நெம்பி, மெதுவாக உரித்தாள். அடியில் புருவம் இல்லை. உரிக்க உரிக்கக் கன்ன எலும்பும், காய்ந்த உதடும், அந்தக் கண்ணும் அதோடு ஒட்டிக்கொண்டே கழன்று வந்தன. கடைசியில் மழைக்கோட்டின் தொப்பிக்குள் எதுவுமே இல்லை. எதுவுமே இல்லாத அது அவளை நிமிர்ந்து பார்த்தது.

கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு அண்ணி வீட்டுக்குப் போனாள்.

அண்ணி முழுவதையும் கேட்டாள். அடுப்பை அணைத்தாள்.

"வக்கீலே விட்ருன்னு சொல்லிட்டாரில்ல? அப்புறம் என்ன?"

"அண்ணி, நான் அவன ஸ்டேஷன்லதான் பாத்திருக்கேன். கடையில பாத்தேனான்னு தெரியல."

"தெரியலையா? அன்னைக்கு விரல நீட்டுனப்ப தெரிஞ்சுதா?"

"தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

"இப்பவும் அவன் முகந்தானே தெரியுது உனக்கு? கண்ண மூடு. யாரு தெரியுறா?"

தங்கை மூடினாள். மெல்லிய குரலில், "அவன்தான்" என்றாள்.

"அப்ப அவன்தான்." அண்ணி அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "அவன் இல்லேன்னா வேற யாருடி? சொல்லு. ஒரு ஆளச் சொல்லு. நான் யார நெனச்சுப் பல்லக் கடிக்கிறது? ஒண்ணுமில்லாத காத்தையா?"

அண்ணி கையை எடுத்துவிட்டு மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். "கோர்ட்ல ஏடாகூடமா எதாவது பேசுன, இந்த வாசப்படி ஏறாத" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

நீதிமன்றத்தில் மின்விசிறிகள் சத்தமாகச் சுழன்றன. தங்கை கூண்டில் ஏறினாள். அரசு வக்கீல் ஒவ்வொரு கேள்வியாகக் கைப்பிடித்து அழைத்துப் போனார். மழை, பின்னறை, சத்தம், மேசை. பிறகு சற்று ஒதுங்கி நின்றார்.

"அன்னைக்கு நீங்க பாத்த நபர் இந்தக் கோர்ட்ல இருக்காரா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் எதிர்க் கூண்டில் நின்றான். இப்போது பிளாஸ்திரி இல்லை. அந்த இடத்தில் ஒரு வெளிறிய கோடு. முகம் கண்ணில் பட்டதுமே அவள் உள்ளங்கை வியர்த்தது. மூக்கில் நனைந்த ரப்பர் நெடியும் ரத்த நெடியும் ஏறின. உடம்பில் ஒவ்வொரு மயிர்க்காலும் அவன்தான் அவன்தான் என்றது. உண்மை என்றால் இப்படித்தானே இருக்கும் என்று நினைத்தாள். இல்லையென்று சொன்னால் அது பொய் சொல்வது போலவே இருக்கும் என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பின்வரிசையில் அண்ணி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"சத்தமா சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி.

"ஐயா, இவரப் பாத்தா எனக்கு உடம்பெல்லாம் நடுங்குது." கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா அது எந்த நாளோட நடுக்கம்னு எனக்குத் தெரியல. எனக்கு ஞாபகம் இருக்குற முகத்துல பிளாஸ்திரி ஒட்டியிருக்கு. அது ஸ்டேஷன்ல ஒட்டுனது. ஆறு பேருக்கும் ஒட்டுனாங்க. கடைக்கு வந்தவன் முகம்..." அவள் நிறுத்தினாள். "அது எங்கிட்ட இல்லைங்க ஐயா. போயிடுச்சு."

அரசு வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து அதைவிட உரக்க ஏதோ சொன்னார். நீதிபதி இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, எந்தக் காயம், எப்போது ஏற்பட்டது என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்கத் தொடங்கினார். இன்ஸ்பெக்டர் தரையின் வழவழப்பைப் பற்றிச் சொன்னார். எதிர்க் கூண்டில் நின்றவன் யாரையும் பார்க்கவில்லை. அழுதானா, சிரித்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தான்.

அண்ணி எழுந்து போவது கேட்டது.

அவனை விட்டுவிட்டார்கள். வேறு யாரையும் பிடிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஒருமுறை கடைக்கு முன்னால் ஜீப்பை நிறுத்தி, ஜன்னல் வழியாக அவளைப் பார்த்து, "எங்க உழைப்ப ஒரே வார்த்தைல கழுவி ஊத்திட்டீங்களேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவில் ஒன்றிரண்டு பேர் அவள் காசு வாங்கிவிட்டாள் என்றார்கள். அதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. உறைத்தது வேறு. அவன் சிறையில் இருந்தவரை பயமும் அங்கேயே பூட்டிக் கிடந்தது. இப்போது அதற்கு ஒரே முகம் என்று இல்லை. கதவு மணி அடித்தபோதெல்லாம் யார் தலையிலாவது வந்து உட்கார்ந்தது. துணி மூட்டையோடு வந்தவர், ரசீதைத் தொலைத்துவிட்டு அசடு வழிந்தவர், மழைக்கு ஒதுங்கி நின்றவர் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. முகங்களே நினைவில் தங்காதவள் இப்போது ஒவ்வொரு முகத்தையும் உற்று உற்றுப் பார்த்தாள். வாடிக்கையாளர்கள் நெளிந்தார்கள்.

அண்ணி வரவே இல்லை. வராத நாட்கள் வாரங்களாயின.

ஒரு பிற்பகல் மணி கிணுகிணுத்தது. தங்கை வழக்கம்போல் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அண்ணி. மேசையைச் சுற்றி வந்து, பக்கத்தில் இருந்த முக்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள்.

"டீ போடட்டா அண்ணி?"

"வேணாம்."

தங்கை மறுபடி இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். மணி அடித்தது. நடுத்தர வயது ஆள் ஒருவர் ஒரு கோட்டை மேசையில் விரித்து, கைப்பக்கம் எண்ணெய்க் கறை, போகுமா என்றார். தங்கை ரசீது எழுதினாள். அண்ணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு தெருவில் இறங்கிய பிறகும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவனா இருக்குமா, பூனை?"

"தெரியல அண்ணி."

அண்ணி தலையசைத்தாள். முக்காலியை மேசையை ஒட்டி இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டாள். வெளியே ஒருவர் குடையை மடக்கி, கால் துடைத்துக்கொண்டு, உள்ளே வரக் கதவில் கை வைத்தார்.