கரைப்பேட்டை பஜார் ஸ்பீக்கர்

கரைப்பேட்டையில் பொன்மலரின் முகம் தெரியாதவர்கள் உண்டு. குரல் தெரியாதவர்கள் கிடையாது. முதல் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் ஷூ கம்பெனி வண்டிக்காகக் காத்து நிற்கும் நேரத்தில், பஜாரில் கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருக்கும் கூம்பு ஸ்பீக்கர்களில் அந்தக் குரல் வரும். "வணிகர் சங்க அறிவிப்பு" என்று தொடங்கி, இன்றைக்கு எந்தத் தெருவில் கரண்ட் இருக்காது, தண்ணீர் எப்போது விடுவார்கள், யாருக்கு என்ன குரூப் ரத்தம் வேண்டும், எந்த வீட்டில் சாவு, யாருடைய சாவிக்கொத்து எந்தக் கடை வாசலில் கிடந்தது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகும். ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் அந்தச் சின்ன ஊரில், அதைக் கேட்ட பிறகுதான் பாதி வீடுகளில் அன்றைய நாள் ஆரம்பமாகும்.

ஆற்றில் வெள்ளம் வந்து செல்போன்கள் எல்லாம் ஊமையாகிப்போன வருஷம், அக்கரையில் மாட்டிக்கொண்டவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாமல் ஊர் தவித்தது. தண்ணீர் வடிந்ததும் கடைக்காரர்கள் ஒன்றுகூடி இந்த ஸ்பீக்கர்களை வாங்கிக் கட்டினார்கள். சங்க ஆபீஸ் பொன்மலரின் மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அங்கே கூரை ஒழுகவே, மைக்கையும் ஆம்ப்ளிஃபயரையும் கீழே கொண்டுவந்து அவளுடைய கல்லாவுக்குப் பின்னால் வைத்தார்கள். அதோடு அது அங்கேயே தங்கிவிட்டது. முதலில் ஆளுக்கு ஒரு நாள் பேசுவதாக ஏற்பாடு. ஒருவர் பின் ஒருவராக நழுவி, கடைசியில் பொன்மலர் மட்டும்தான் மிஞ்சினாள்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ரெண்டு பேரிடம் விசாரிக்காத சேதி எதுவும் மைக்குக்கு வராது. "நான் சொன்னா போதாதா?" என்று கோபித்துக்கொண்டு போனவர்கள் பல பேர். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

சங்கத் தலைவர் இருதயராஜுக்கு இதெல்லாம் பழைய காலத்து வேலையாகத் தோன்றியது. ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். கோயில் திருவிழாவானாலும் சரி, பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி வாங்குவதானாலும் சரி, முன்னால் நிற்கும் மனிதர். சங்கத்துக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்து, கடைக்காரர்களோடு ஊர்க்காரர்களையும் அதில் சேர்த்ததும் அவர்தான். போன கூட்டத்தில் அவர் எழுந்து சொன்னார்:

"இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்குது. குரூப்ல போட்டா அடுத்த நிமிஷம் ஊருக்கே போய்டுது. ஸ்பீக்கர்ல இனிமே விளம்பரம் மட்டும் ஓடட்டும். உனக்கும் வேலை கம்மியாவும், பொன்மலரு."

"குரூப்ல போடறவங்க விசாரிச்சிட்டா போடறாங்க, அண்ணே?"

"நீ எல்லாத்தையும் சந்தேகப்படறே. அதான் உங்கிட்ட பேஜாரு."

கூட்டம் சிரித்தது. அடுத்த மாதத்திலிருந்து ஸ்பீக்கரில் விளம்பரம் மட்டும் என்று முடிவாகிவிட்டது. பொன்மலரும் சேர்ந்து சிரித்து வைத்தாள். ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலையில் இருக்கும் கணவன் சாமுவேல் அன்றைக்குப் போனில், "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டபோது, தூசி என்று சொல்லிவிட்டாள்.

அந்த மாதம் முடிவதற்குள்தான் அது நடந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை குரூப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது, வாலாஜாபேட்டையில் ஏற்கெனவே ரெண்டு குழந்தைகளைக் காணோம், உங்கள் பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். அதைக் குரூப்பில் போட்டிருந்தது இருதயராஜ். பொன்மலர் உடனே அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இது யாரு அனுப்பினது?"

"எம் மச்சான் அனுப்பினாரு. எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுதானேம்மா."

"அவருக்கு யாரு அனுப்பினாங்க?"

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்?" என்று போனை வைத்துவிட்டார்.

வாலாஜாபேட்டையில் நர்ஸாக இருக்கும் தோழி கிறிஸ்டினாவைக் கேட்டாள். அங்கே மொத்தமாக மருந்து விற்கும் ஒருவரைக் கேட்டாள். காணாமல் போன குழந்தை என்று யாரும் இல்லை என்று இருவருமே சொன்னார்கள். 'விசாரித்தேன், இது பொய்' என்று குரூப்பில் எழுதினாள். அதற்கு மேல் காலை வணக்கங்களும் கைகூப்பும் படங்களும் ஒரு பிரிஞ்சி கடையின் தள்ளுபடி அறிவிப்பும் வந்து விழுந்தன. அவள் எழுதியதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அழுகிற பெண்ணின் குரல் மட்டும் போன் போனாகத் தாவிக்கொண்டிருந்தது.

மதியம் ஒரு இளைஞன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். பெயர் பிகாஷ் என்றான். ஒடிசாக்காரன், தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. மனைவி ஷூ கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். குழந்தைக்கு ஜுரம், அதனால் அரை நாள் லீவு போட்டு டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறான். தெரிந்த கொஞ்சம் தமிழில் இதையெல்லாம் சொன்னான். மருந்தின் அளவைச் சொல்வதற்காக, பாப்பா எவ்வளவு எடை என்று பொன்மலர் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டான். அவள் அங்கிருந்து ஏதோ திட்ட, வெட்கத்தோடு சிரித்தான். சாயங்காலம் கம்பெனி வண்டி வரும்போது பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொல்கிறாள் என்றான். மஞ்சள் கவுன் போட்டிருந்த அந்தக் குழந்தை இதற்குள் மிட்டாய் ஜாடிக்குள் கையை விட்டுவிட்டது. அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மிட்டாயைத் திரும்ப ஜாடியில் போட்டான் அவன். பொன்மலர் அதையே எடுத்துக் குழந்தையிடம் கொடுத்தாள்.

சாயங்காலம் ஷிப்ட் விட்டு, ஊர் நிறைந்திருந்த நேரம். பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அவள் முதலில் பஸ்ஸுக்கான தள்ளுமுள்ளு என்று நினைத்தாள். போன் அதிர்ந்தது. குரூப்பில் ஒரு போட்டோ. கலைந்த தலையோடு ஒருவன், அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறும் ஒரு குழந்தை, மஞ்சள் கவுன். அடியில், 'பிள்ளை பிடிக்கிறவன் மாட்டினான், எல்லாரும் வாங்க' என்று எழுதியிருந்தது.

மதியம் மிட்டாய் வாங்கிப்போன குழந்தை என்று பொன்மலருக்குத் தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டை ஒட்டி டீக்கடை வைத்திருக்கும் வக்கார் அகமதுவைக் கூப்பிட்டாள்.

"வக்கார் பாய், அங்க இன்னா நடக்குது?"

"ஜனம் ஜாஸ்தியாயிக்கிட்டே போவுதும்மா. ரெண்டு மூணு பேரு கை வெச்சிட்டானுங்க. புள்ளைய அவங்கிட்டேர்ந்து புடுங்கப் பாக்கறாங்க, அது விட மாட்டேங்குது. போலீஸுக்குச் சொல்லியாச்சு, வர்றதுக்குள்ள இன்னா ஆவுமோ."

"புள்ளை அவன இன்னான்னு கூப்புடுது?"

"பாபா, பாபான்னு கத்துது. அவங்க பாஷைல அப்பான்னு அர்த்தம்."

போதும். அவளே பார்த்தது ஒன்று, வக்கார் காதால் கேட்டது ஒன்று. ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சைப் போட்டாள். மைக்கை எடுத்தாள்.

"வணிகர் சங்க அறிவிப்பு."

காலையில் மட்டுமே வரும் குரல் சாயங்காலம் வந்ததில் பஜாரே ஒரு கணம் தலையைத் தூக்கியது.

"பஸ் ஸ்டாண்டுல நீங்க புடிச்சு வெச்சிருக்கறவரு பேரு பிகாஷ். நம்ம ஊர்ல தோல் ஷெட்டுல வேலை செய்யறாரு. அது அவரோட சொந்தக் கொழந்தை. மதியம் என் கடைக்கு வந்தாரு. கொழந்தைக்கு ஜொரம். எடை இன்னான்னு நான் கேட்டப்ப தெரியாம, அதோட அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டாரு. என் எதுர்லயே கேட்டாரு. வாலாஜாபேட்டைல எந்தக் கொழந்தையும் காணாமப் போவல. நான் ரெண்டு பேர்கிட்ட விசாரிச்சிட்டேன். அவர விட்டுடுங்க."

சத்தம் குறைந்தது, ஆனால் அடங்கவில்லை. "இந்தம்மாவுக்கு இன்னா தெரியும்" என்று யாரோ கத்தியது கடை வரைக்கும் கேட்டது. கூட்டமாக நிற்கிற மனிதர்களிடம் பேசிப் பயனில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டால்?

"வக்கார் பாய், நீங்கதான் கிட்ட இருக்கீங்க. டீக்கடைய விட்டுட்டு அவரு பக்கத்துல போயி நில்லுங்க. பஞ்சர் கடை நிசார் அண்ணே, நீங்களும் போங்க. பேக்கரி எழிலரசி, உன் தம்பி அந்தக் கூட்டத்துலதான் இருப்பான். போயி அவனக் கையப் புடிச்சு வெளிய கூட்டிட்டு வா. தையக்கடை ஹீனா, உனக்கு இந்தி தெரியும், அவருகிட்ட போயி பேசு. பூக்கடைக்காரங்க, வளையல் கடைக்காரங்க, சங்கத்து ஆளுங்க எல்லாரும் கடைய அப்படியே விட்டுட்டு எறங்குங்க. கொழந்தைய நடுவுல வெச்சுச் சுத்தி நில்லுங்க."

அன்றைக்குக் கரைப்பேட்டை பஜார் செய்ததை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. கொதிக்கிற பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு வக்கார் அகமது ஓடினார். நிசார் கையில் கிரீஸோடு போனார். தட்டில் இருந்த பஃப்ஸை அப்படியே போட்டுவிட்டு எழிலரசி கூட்டத்துக்குள் புகுந்து, தன் தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். "ஸ்பீக்கர்ல ஊர் முன்னால எம் மானத்த வாங்கறியா" என்று அவனை உலுக்கியதும் பக்கத்தில் நின்ற ரெண்டு பேர் தாங்களாகவே பின்வாங்கினார்கள். பொன்மலர் ஸ்பீக்கரில் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாள் என்ற பயம் மற்றவர்களுக்கும் வந்திருக்க வேண்டும். ஹீனா பிகாஷின் தோளில் கை வைத்து ஏதோ சொன்னாள். அவன் அப்போதுதான் அழ ஆரம்பித்தான்.

பொன்மலரின் கடையிலிருந்து இதெல்லாம் தெரியவில்லை. அவள் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே தெருவைப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான், பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து ஒருவர் அவளுடைய கடையை நோக்கி வருவதைக் கண்டாள். இருதயராஜ். நடு ரோட்டில் நடந்து வந்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். நெற்றியெல்லாம் வேர்வை. கல்லாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து கையை நீட்டினார்.

"குடும்மா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். என்ன பேசப் போகிறார் என்று தெரியவில்லை. ஆனாலும் கொடுத்தாள்.

"நான் இருதயராஜ் பேசறேன்" என்றார். அவருடைய குரல் தெருவெல்லாம் உடைந்து கேட்டது. "புள்ளை புடிக்கிற கும்பல்னு அந்த மெசேஜ குரூப்ல போட்டவன் நான்தான். யாருகிட்டயும் விசாரிக்கல. பொய்னு பொன்மலரு எழுதினத நான் படிச்சேன். படிச்சிட்டும் அழிக்கல, தலைவன் நான் போட்டத நானே எப்படி அழிக்கறதுன்னு இருந்துட்டேன். அங்க நிக்கிறவங்கள்ல பாதிப் பேரு என் மெசேஜப் பாத்துட்டு வந்தவங்க. தப்பு என்மேல. அந்தப் பையன் மேல ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போங்க."

மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பொன்மலர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் கொடுத்தாள்.

ஷூ கம்பெனி வண்டி ஒன்று அந்தச் சமயத்தில்தான் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றது. அதிலிருந்து குதித்த ஒருத்தி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடினாள். அவளைப் பார்த்ததும் குழந்தை அப்பாவின் கழுத்தை விட்டுவிட்டு அவள்மேல் தாவியது. அதற்கப்புறம் யாருக்கும் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. முதலில் கை வைத்தவர்களில் ஒருவன் கீழே கிடந்த மருந்துப் பையை எடுத்துத் தூசி தட்டி பிகாஷிடம் நீட்டினான். நீட்டியவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. போலீஸ் ஜீப் வந்தபோது, கடைக்காரர்கள் வளையமாக நின்றிருக்க, நடுவில் அந்தக் குடும்பம் வக்கார் கடை டீயைக் குடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஸ்பீக்கரை ஊரே எதிர்பார்த்து நின்றது. பொன்மலர் எதையும் பெருமையாகச் சொல்லவில்லை. கிழக்குத் தெருவில் கரண்ட் கட், ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை, வக்கார் பாய் கடையில் பால் பொங்கி அடுப்பு கெட்டுவிட்டதால் மதியம் வரைக்கும் டீ இல்லை என்றாள். கடைசிச் சேதிக்கு பஜார் முழுக்கச் சிரித்தது. பிற்பகலில் யார் யாரோ சேர்ந்து அவருக்குப் புது அடுப்பே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் விளம்பரப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. பொன்மலரைச் செயலாளராக்க வேண்டும் என்று முன்மொழிந்தவர் இருதயராஜ். எல்லாக் கைகளும் தூக்கப்பட்டன. குரூப்பில் எது போடுவதானாலும் முதலில் அவளோ புதிதாக அமைக்கும் விசாரணைக் குழுவோ பார்க்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. காலை அறிவிப்பு முடிந்ததும் ஹீனா அதையே இந்தியில் சொல்ல ஆரம்பித்தாள். ஷெட்டுகளில் வேலை செய்யும் வெளியூர்க்காரர்கள், தண்ணீர் வரும் நேரத்தைத் தெரிந்துகொள்ள இனிமேல் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

சில வாரங்கள் கழித்து இன்னொரு குரல் பதிவு ஊரில் சுற்றியது. ஆற்றுத் தண்ணீரில் விஷம் கலந்துவிட்டார்களாம், யாரும் குடிக்காதீர்களாம். இந்தத் தடவை யாரும் எங்கேயும் கூடவில்லை. பொன்மலரின் போன்தான் அடித்து ஓயவில்லை. "அக்கா, நெஜமா?" என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். அவள் தண்ணீர்த் தொட்டிக்காரரைக் கேட்டாள், பஞ்சாயத்து ஆபீஸைக் கேட்டாள், மைக்கை எடுத்துப் பொய் என்று ரெண்டு வரியில் சொன்னாள். குழாயடியில் குடங்கள் வழக்கம்போல நிரம்பின.

விரிஞ்சிபுரம் பக்கத்துக் கடைக்காரர்கள் சிலர் இதைக் கேள்விப்பட்டு ஒரு வேன் பிடித்துப் பார்க்க வந்தார்கள். இருதயராஜ் அவர்களைக் கம்பம் கம்பமாகக் கூட்டிப்போய், ஸ்பீக்கர் எத்தனை வாட், ஒயர் எந்தக் கம்பெனி, எப்படி விசாரிக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். "ரெண்டு பேர்கிட்ட கேக்காம ஒரு வார்த்த வெளிய போவக்கூடாது, அதான் எங்க சட்டம்" என்று அவர் சொல்வது, மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த பொன்மலரின் காதில் விழுந்தது.

"அண்ணே, இந்தாங்க" என்று மைக்கை நீட்டினாள். "விருந்தாளி வந்திருக்காங்க, நீங்களே ஊருக்குச் சொல்லுங்க."

அவர் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மைக்கை வாங்கினார்.